யாரப் பாக்கணும்?

கார் கண்ணாடியில் ரப்பர் பிடியால் ஒட்டி வைக்கும் அந்தச் சின்னப் பெட்டியை இன்று அநேகமாக யாரும் வாங்குவதில்லை. 2010-ஐ ஒட்டிய வருடங்களில் மதுரையிலும் அதை வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். நாங்கள் 'ஜிபிஎஸ்' என்று சொன்னோம். என் மெக்கானிக்குக் கடைசிவரை அது 'பேசுற பொட்டி'. கார்மின், டாம்டாம் என்று வெளிநாட்டுப் பெயர்கள் இருந்தன. மேப்மைஇந்தியா என்கிற நம் நாட்டு நிறுவனத்தின் பெட்டியும் கிடைத்தது. என்னிடம் இருந்தது எது என்பது இங்கே தேவையில்லை. கால்நடை மருந்து விற்பனைப் பிரதிநிதியாக உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், சோழவந்தான் என்று சுற்றிய காலத்தில் ஆறு வருடம் அதை வைத்து ஓட்டியிருக்கிறேன். அந்த ஆறு வருடத்தில் மனதில் ஊறிய கேள்வி ஒன்று உண்டு. வழி கேட்கிறவன், வழி சொல்கிறவன் இருவருக்கும் நடுவில் யார் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?

முதலில் பெட்டியின் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் 'இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் குறைந்தது நான்கின் குரல் காதில் விழுந்தால் பெட்டி தானே கணக்குப் போட்டுத் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். அது கேட்கும், அவ்வளவுதான். வானத்துக்குத் திருப்பி ஒரு வார்த்தை சொல்லாது. மதுரை வானொலி நிலையத்துக்கு நீங்கள் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று தெரியாதல்லவா, அதே மாதிரி. 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தப்பும். அப்படித் தப்பினால் ஆவணி மூல வீதியில் நிற்பவரை மாசி வீதியில் நிற்பதாகச் சொல்லிவிடக்கூடும். அந்தக் கலப்பை நிறுத்திய பிறகுதான் இந்தப் பெட்டி வியாபாரமே சூடு பிடித்தது.

வரைபடம் உள்ளே ஒரு சில்லில் இருக்கும். வாங்கிய அன்று உலகம் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்திருக்கும். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010-இல் புது எண் கொடுத்தார்கள். ஏழு நாற்பத்துநாலு ஆனது. என் பெட்டி மட்டும் ஊர்ப் பெரியவர்களைப் போல ஏழு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்க வரும் நாளில் தல்லாகுளம், கோரிப்பாளையம் எல்லாம் ஜனக்கடலாகக் கிடக்கும்போது, பாலத்தில் ஏறு என்று அது பிடிவாதம் பிடிக்கும். எதிரே போலீஸ்காரர் கையை நீட்டி நிற்பார். யார் சொல்வதைக் கேட்பது என்பதில் அன்றைக்கு யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

இந்தப் பெட்டியைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, 'மனுசங்ககிட்ட வழி கேக்குற பழக்கமே போச்சு' என்பது. போனது எது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். மதுரையைச் சுற்றிய சமவெளியில் வழி சொல்வது ஒரு தனிக் கலை. "இப்படியே நேராப் போங்க சார், கண்மாய்க்கரை வரும், கரை மேல ஏறிராம சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க, ஒத்தப் பனை மொட்டையா நிக்கும். அங்கன போயி யார்ட்டயாவது கேளுங்க." வலது, இடது என்ற வார்த்தைகளே வராது, சோத்தாங்கையும் பீச்சாங்கையும்தான். பிரதான சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் இடத்துக்கு 'விலக்கு' என்று ஓர் அருமையான சொல் உண்டு. பஸ் விலக்கோடு சரி. ஊர் உள்ளே மூன்று கிலோமீட்டர் இருக்கும். என் பெட்டி விலக்கில் கொண்டுபோய் நிறுத்தி, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று ஆங்கிலத்தில் அறிவிக்கும். சுற்றிலும் பார்த்தால் ஒரு நிழற்குடையும் இரண்டு ஆடும்.

2009 டிசம்பரில் கூகிள் இந்தியாவுக்கென்று தன் வழிக்குறிப்புகளில் பெட்ரோல் பங்க், கோயில் மாதிரியான அடையாளங்களைச் சேர்த்தது. தெருப்பெயரை வைத்து இங்கே யாரும் வழி சொல்வதில்லை என்பது அவர்களுக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது. ஆனால் பனைமரத்தைவிட, எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியமாகப் படுகிறது. 'அங்கன போயி யார்ட்டயாவது கேளுங்க.' எனக்குத் தெரிந்தது இந்த ஒத்தப் பனை வரைக்கும்தான், அதற்கு மேல் இன்னொருவர் பொறுப்பு என்று தன் அறிவுக்குத் தானே எல்லைக்கல் நட்டுக்கொள்ளும் வாக்கியம் அது. பெட்டியிடம் அந்த வாக்கியம் கிடையாது. காளவாசல் சிக்னலில் பேசிய அதே குரலில், அதே உறுதியில், பேரையூர் தாண்டிய மண்பாதையிலும் பேசும்.

(மனிதர்கள் எல்லோரும் அப்படி என்று சொல்ல வரவில்லை. தெரியாவிட்டாலும் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 'ரெண்டு கிலோமீட்டர்தான்' என்பது நம்மூரில் தூரத்தின் அளவு இல்லை, ஆறுதல் வார்த்தை.)

மதுரைக்கு வழி சொல்வது தமிழ் இலக்கியத்தில் பழைய விஷயம். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு வழி சொல்கிறான். கொடும்பை நெடுங்குளக் கோட்டகத்தில் பாதை சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பக்கம் போனால் சிறுமலை, இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், நடுவில் ஒன்று. இடப்பக்கத்து வழியில் இருக்கும் பொய்கைகளின் மகிமையைச் சொல்கிறான். நடுவழி நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு தெய்வம் மயக்க வரும், ஜாக்கிரதை என்றும் சொல்கிறான். தான் காட்டும் வழியின் ஆபத்தையும் சேர்த்துச் சொல்வது வழி சொல்கிறவனின் கடமை என்று இளங்கோ நினைத்திருக்க வேண்டும். அந்தத் தெய்வம் பிறகு வசந்தமாலை வடிவில் கோவலன் முன் வந்து நிற்கவும் செய்கிறது.

அந்தக் காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. வழி கேட்கும் முன்பு கோவலன் அந்த மறையோனிடம் அவன் ஊர் எது, இங்கே வந்த காரணம் என்ன என்று விசாரிக்கிறான். இலக்கியத்தில் கேட்கிறவன் விசாரித்தான். நம் மந்தையிலும் டீக்கடையிலும் அது தலைகீழ். நாம் வழி கேட்போம்; பதிலுக்கு முன்னால் கேள்வி வரும்.

"யாரப் பாக்கணும்?"

இந்த ஒற்றை வாக்கியத்தில் பாதி நேரம் இருப்பது சுத்தமான அன்பு. ஆள் பெயரைச் சொன்னால் பையனை சைக்கிளில் கூட அனுப்பிவைப்பார்கள், 'அவரு தோட்டத்துல இருப்பாரு, வீட்டுக்குப் போகாதீங்க' என்பார்கள். எனக்கு அது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. மீதிப் பாதி நேரம் அந்தக் கேள்வி ஏணி மாதிரி படிப்படியாக ஏறும். எங்கேருந்து வர்றீங்க? யார் வீட்டுக்கு? அவரு என்ன ஆளுக? நீங்க? கடைசிப் படியில் என்ன இருக்கிறது என்று தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், என்னைவிட இளையவர், அந்தப் பெட்டியை எனக்கு முன்னாலேயே வாங்கியவர். சம்பளத்துக்கு அது அப்போது பெரிய தொகை. ஏன் தம்பி இவ்வளவு அவசரம், கேட்டுக் கேட்டுப் போய்க்கலாமே என்றேன். "நான் யார்ட்டயும் வழி கேக்க மாட்டேண்ணே. வழி கேட்டா வழிய மட்டும் சொல்ல மாட்டாய்ங்க" என்றார். அவர் பிறந்தது ஒரு காலனியில். மருந்துப் பையோடு, இன் செய்த சட்டையோடு போனால் முதலில் கிடைக்கும் 'வாங்க சார்', மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் எப்படி மாறும் என்று அவருக்குத் தெரியும். காலனிக்குப் போக வேண்டும் என்று கேட்டால், 'இப்படி வேணாம், அந்தப் பக்கமாச் சுத்திப் போங்க' என்று வரும் பதிலையும் அவர் கேட்டிருக்கிறார். பெட்டி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. காரில் தனியாகப் போகும் பெண்கள் எத்தனை பேர் இதே காரணத்துக்காக அதை விரும்பியிருப்பார்கள் என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

அந்த வருடங்களில்தான் உத்தப்புரம் செய்தியாகிக்கொண்டிருந்தது. பேரையூர் வட்டாரத்து ஊர். தலித் குடியிருப்புக்கும் மற்ற தெருக்களுக்கும் நடுவே, 1989-இல் நடந்த மோதலுக்குப் பிறகு எழுப்பிய நீண்ட சுவர். 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் போலீஸ் காவலோடு வந்து அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. அதுவரை அங்கே எது வழி, எது வழி இல்லை என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே, டீக்கடை விசாரிப்பை இழந்துவிட்டோம் என்று யாராவது ஏங்கி எழுதினால் எனக்குள் கேட்கும் முதல் கேள்வி, எழுதுகிறவரிடம் அந்த ஏணியின் கடைசிப் படி வரை கேட்டிருக்கிறார்களா என்பதுதான்.

ஆனால் விவகாரம் இங்கே முடிந்துவிடவில்லை. முகம் பார்த்து வழி சொன்னவர் தப்பாகச் சொல்லியிருந்தால், திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தி, 'என்னண்ணே, இப்படிச் சொல்லிட்டீங்க' என்று கேட்க முடியும். அவர் வாய்ச்சொல்லுக்கு அவர் முகம்தான் ஜாமீன். பெட்டிக்கு முகம் இல்லை.

2024 நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தில், பரேலிக்கும் பதாயூனுக்கும் இடையே ராமகங்கை ஆற்றின் மேல் முழுமையாக இல்லாத ஒரு பாலத்திலிருந்து கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் முன்பகுதியை வெள்ளம் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. வழிகாட்டி செயலியில் பாலம் முழுசாக இருந்தது. சாலையில் தடுப்பு இல்லை. போலீஸ் போட்ட வழக்கில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களோடு கூகிள் மேப்ஸ் அதிகாரி ஒருவரையும் சேர்த்தார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவிலும் 2013-இல் இடிந்த பாலம் ஒன்றில் 2022 செப்டம்பர் இரவில் ஒருவர் விழுந்து இறந்தார். குடும்பம் அடுத்த வருடம் கூகிள்மேல் வழக்குத் தொடுத்தது. ஓட்டுகிறவர்தானே கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். இருட்டில், தெரியாத ஊரில், குரலை நம்பியவரிடம் அதைச் சொல்வது எனக்கு அவ்வளவு எளிதாக வரவில்லை.

அப்படியானால் தேர்வு இரண்டுதானா? நம்மை விசாரித்துவிட்டுப் பொறுப்போடு வழி சொல்லும் மனிதர், எதையும் விசாரிக்காமல் பொறுப்பும் எடுக்காமல் வழி சொல்லும் பெட்டி. மூன்றாவதாக ஒன்று சாலையோரத்திலேயே நிற்கிறது, மைல்கல். மேலே மஞ்சள் பூசிய கல் யாரையும் யார் என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே தூரத்தைத்தான் சொல்கிறது. எழுதியது தப்பென்றால் போய்க் கேட்க ஒரு துறை இருக்கிறது. பரேலி வழக்கில் பொறியாளர்களின் பெயர் வந்ததே இதனால்தான்: சாலைக்குப் பொறுப்பானவர் என்று ஒருவர் அங்கே இருக்கிறார். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் நகரத்தில் வீதிகளாக இருக்கிறார்கள். பாதை போட்டவரின் பெயர் பாதையிலேயே கிடக்கிறது. நம் கைகாட்டிகளில் பாதி சினிமா போஸ்டருக்கு அடியில் மறைந்திருக்கின்றன என்பது வேறு கதை.

பழைய பெட்டியை இப்போது நினைத்தால், அது மைல்கல்லுக்குத் தூரத்து உறவு என்று தோன்றுகிறது. அச்சடித்த புத்தகம் மாதிரி அதன் வரைபடத்துக்கு ஒரு தேதி இருந்தது. வாங்கிய எல்லோருக்கும் ஒரே படம். தப்பு இருந்தால் எல்லோருக்கும் ஒரே தப்பு; இன்னொருவர் பெட்டியோடு ஒப்பிட்டுக் காட்ட முடியும். காசு கொடுத்து வாங்கியதோடு கணக்குத் தீர்ந்தது. நான் உசிலம்பட்டியில் யாரைப் பார்த்தேன் என்று அதைச் செய்தவருக்குத் தெரிய வழியே இல்லை.

கைப்பேசி அப்படி இல்லை. அது செயற்கைக்கோளைக் கேட்பதோடு நிற்காமல், நாம் இருக்கும் இடத்தை இன்னொருவருக்குச் சொல்லவும் செய்கிறது. நெரிசல் எங்கே என்று அது துல்லியமாகச் சொல்ல முடிவதே நம் எல்லோருடைய கைப்பேசிகளும் போய்ச் சேரும் வேகத்தை அது எண்ணிக்கொண்டிருப்பதால்தான். பயனுள்ள காரியம், மறுக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநரைக் கேட்டால் கும்பிடுவார். ஆனால் 'எங்கேருந்து வர்றீங்க, யார் வீட்டுக்கு, எவ்வளவு நேரம் இருந்தீங்க' என்ற அதே கேள்விகளைத்தான் அது வாய் திறக்காமல் கேட்கிறது. டீக்கடைக்காரரிடம் பொய் சொல்லலாம், 'சும்மா இப்படிப் போறோம்ணே' என்று நழுவலாம். இதனிடம் நழுவ அமைப்புகளுக்குள் நாலு அடுக்கு இறங்கி ஒரு பொத்தானைத் தேட வேண்டும். விசாரிக்கும் விஷயத்தில் டீக்கடையைத் தாண்டிவிட்டது. பதில் சொல்லும் விஷயத்தில் பெட்டியைவிட மோசம். நேற்று அது காட்டிய வழி இன்றைக்கு அதில் இருக்காது. எனக்குக் காட்டியதை உங்களுக்குக் காட்டும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எதைக் கையில் வைத்துக்கொண்டு போய் முறையிடுவது?

அந்தத் தம்பி இப்போது சொந்தமாக மருந்துக் கடை வைத்திருக்கிறார், கிராமங்களுக்கும் போய் வருகிறார். பெட்டி பழுதாகி வருடங்கள் ஆயிற்று, கைப்பேசிதான். சிக்னல் கிடைக்காத ஊரில் என்ன செய்வீர்கள் என்று போன மாதம் கேட்டேன்.

"பால் சொசைட்டில போயி நிப்பேண்ணே" என்றார். "காலைல ஆறு மணிக்கு எல்லாத் தெரு ஆளுகளும் கேனோட அங்கதான் நிப்பாய்ங்க. கையில மருந்துப் பையப் பாத்தா நம்மளப் பத்திக் கேக்க நேரம் இருக்காது. அவுக மாட்டுக்கு என்னன்னுதான் கேப்பாய்ங்க."