மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம்



இந்த மாதம் ஒரு சினிமாப் படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சமயப் பக்கத்தில் சினிமாவா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. நம் இளைஞர் வகுப்பில் ஒரு தம்பி கேட்ட கேள்வி அப்படி.

“ஐயா, ‘சிந்து பைரவி’ படத்துல ஜே.கே.பி. செஞ்சது தப்புன்னு சொல்றீங்க. நம்ம சுந்தரர் சாமிக்கும் ரெண்டு மனைவிதானே? அவரும் பாடகர்தானே? அவரை மட்டும் கோவில்ல வச்சுக் கும்பிடுறோமே?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயமான கேள்வி.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. கே. பாலசந்தர் எடுத்து 1985இல் வந்த படம். ஜே.கே.பி. பெரிய கர்நாடக சங்கீத வித்வான். அவர் மனைவி பைரவிக்குச் சங்கீதம் தெரியாது, குழந்தையும் இல்லை. சிந்து பள்ளிக்கூடத்தில் இசை சொல்லித் தரும் டீச்சர். நமக்குப் புரிகிற தமிழில் பாடக் கூடாதா என்று கச்சேரியிலேயே எழுந்து கேட்கிறாள். அந்த வாதத்தில் தொடங்கிய பழக்கம் காதலாகிறது. சுஹாசினிக்கும் இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் இந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. பாட்டுகளை இன்றைக்கும் கேட்கிறோம்.

நான் பல தடவை கவனித்திருக்கிறேன். இந்தப் படம் பார்த்தவர்கள் சிந்துவுக்காக அழுவார்கள், ஜே.கே.பி.க்காகப் பரிதாபப்படுவார்கள். பைரவியைப் பற்றிக் கேட்டால், “பாவம், நல்ல பொண்ணு. ஆனா அவளுக்குச் சங்கீதம் தெரியாதே!” என்பார்கள். அந்த ‘ஆனா’தான் எனக்கு உறுத்துகிறது. ராகம் தெரியாதது ஒரு குற்றமா? கல்யாணத்தன்று அவர் கட்டிய தாலி, சாரமதி ராகத்தை அடையாளம் கண்டுபிடித்தால்தான் செல்லும் என்று யாராவது நிபந்தனை போட்டார்களா?

குடித்துவிட்டு வந்தார் என்று மிருதங்கக்காரரை மேடையிலிருந்து அனுப்பிவிட்டு, பக்கவாத்தியமே இல்லாமல் பாடுகிற மனிதர் இந்த ஜே.கே.பி. கச்சேரி மேடைக்கு அவ்வளவு கறார். வீட்டுக்கு மட்டும் அந்தக் கறார் இல்லை. பிறகு சிந்து விலகிப் போனதும், அவரே குடித்துக் குடித்து நடுத்தெருவுக்கு வருகிறார். ஊர் அப்போதும் என்ன சொல்கிறது? ‘ஐயோ, ஒரு கலைஞன் அழிகிறானே!’ என்கிறது. அவரைக் காப்பாற்றச் சிந்துவைத் திரும்ப அழைத்து வருகிறார்கள். கடைசியில் இரண்டாம் கல்யாணத்துக்குப் பைரவியே சம்மதிக்க வேண்டியிருக்கிறது. சிந்து அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று, தான் பெற்ற குழந்தையைப் பைரவி கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஒருத்தி கணவனை விட்டுத்தர வருகிறாள், இன்னொருத்தி பிள்ளையை விட்டுத்தருகிறாள். வித்வான் எதை விட்டுக்கொடுத்தார்? யோசித்துப் பாருங்கள்.

இப்போது சுந்தரர் கதைக்கு வருவோம். தம்பி, உங்கள் கேள்விக்கு வழக்கமாக ஒரு பதில் உண்டு. பரவையாரும் சங்கிலியாரும் கயிலையில் அம்மையின் தோழிகளான கமலினியும் அநிந்திதையும், இது முன்பே விதித்தது என்பார்கள். அது பெரிய புராணம் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலை மட்டும் சொல்லி முடித்துக்கொண்டால், சேக்கிழார் நடுவில் விரிவாகச் சொன்னதையெல்லாம் தாண்டிக் குதித்துவிடுவோம்.

திருவாரூரில் பரவையாரை மணந்தவர் சுந்தரர். பிறகு திருவொற்றியூரில், சிவபெருமானுக்கு மாலை கட்டித் தரும் சங்கிலியாரைப் பார்த்து ஆசைப்பட்டு, இறைவனிடமே போய்க் கேட்கிறார். இறைவன் சங்கிலியாரின் கனவில் வந்து சொல்ல, அந்தப் பெண் பயப்படுகிறார்: இவர் ஆரூரை விட்டு இருக்க மாட்டாரே, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டால்? சரியான பயம். அதனால் பிரிய மாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடாகிறது.

சுந்தரர் என்ன செய்தார் தெரியுமா? சத்தியம் செய்கிற நேரத்தில் நீங்கள் சந்நிதியில் இருக்காதீர்கள், வெளியே மகிழ மரத்தடியில் இருங்கள் என்று இறைவனிடம் கேட்டுக்கொண்டார். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘டெக்னிக்கலா’ தப்பித்துக்கொள்ளப் பார்த்தார்! இறைவன் சரி என்று தலையாட்டிவிட்டு, நேரே சங்கிலியார் கனவுக்குப் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் தோழிமார் அப்படியே கேட்க, சுந்தரருக்கு வேறு வழியில்லை. மரத்தடியில் நின்று சத்தியம் செய்தார்.

இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு தீராது. சுந்தரர் ‘தம்பிரான் தோழர்’, கடவுளுக்கே நண்பர். ஆனாலும் நண்பன் தேடிய சந்துபொந்தை அடைத்துவிட்டு, மாலை கட்டும் பெண்ணின் பக்கம் போய் நிற்கிறார் ஈசன்.

வசந்த விழாவுக்கு ஆரூர் போகும் ஆசையில், சுந்தரர் சத்தியத்தை மீறினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியவில்லை. பாட்டு மட்டும் போகவில்லை, கவனியுங்கள். குரல் இருந்தது, தமிழ் இருந்தது. இவ்வளவு நல்லாப் பாடுகிறானே, மன்னித்துவிடலாம் என்று ஈசன் விடவில்லை. திருவெண்பாக்கத்தில் கைக்கு ஒரு கோல்தான் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் இடக்கண், திருவாரூரில்தான் வலக்கண். ஊர் ஊராகத் தட்டுத் தடுமாறி அழுது பாடிக்கொண்டே வந்தார்.

அதோடு முடிந்ததா? ஆரூர் வந்தால் பரவையார் உள்ளே விடவில்லை. ஒற்றியூரில் நடந்தது அவர் காதுக்கு எட்டிவிட்டது. சுந்தரருக்காக இறைவன் அர்ச்சகர் வேடத்தில் நள்ளிரவில் தூது போகிறார். பரவையார் முடியாது என்று சொல்லிவிடுகிறார். மறுபடியும் ஒரு நடை, இந்த முறை தன் சொந்த வடிவத்தில். அப்புறம்தான் சம்மதம். ‘கலைஞன் அழிகிறான், நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. கோபப்பட அவருக்கு இடம் கொடுத்திருக்கிறார் சேக்கிழார். பைரவிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

இன்னொருவரும் கோபப்பட்டார். ஏயர்கோன் கலிக்காமர். ஒரு பெண் விஷயமாக ஈசனையே நள்ளிரவில் தெருவில் நடக்க விட்டானே என்று கொதித்தார். சுந்தரர் கையால் நோய் தீர்வதைவிடச் சாவதே மேல் என்று உயிரையே விட்டார். பின் இறைவன் அருளால் எழுந்து சுந்தரருக்கு நண்பரானார். சுந்தரர்மேல் அவ்வளவு கோபம் கொண்டவரும் அறுபத்து மூவரில் ஒருவர். சுந்தரரைக் கும்பிடுகிற அதே வரிசையில்தான் அவரையும் கும்பிடுகிறோம், தம்பி.

நடைமுறைக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்துக்களுக்கு ஒரு மனைவி, ஒரு கணவன்தான். படம் நடக்கும் இந்தியாவில் 1955இலிருந்தே அப்படித்தான். பைரவி சம்மதித்தாலும் அந்த இரண்டாம் கல்யாணம் செல்லாது. இதைச் சொல்லக் காரணம், ‘அவங்க வீட்டுக்காரம்மா ஓகே சொல்லிட்டாங்களாம்’ என்று நம் தங்கைகளிடமும் சிலர் சொல்லிப் பார்ப்பதுண்டு.

சிந்துவைக் கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்ட தமிழ்ப் பாட்டுக் கேள்வி நல்ல கேள்வி. படத்தின் பெயரிலும் இரண்டு பெண்கள்தான் இருக்கிறார்கள், அந்த வித்வான் இல்லை. பாலசந்தர் தெரிந்தேதான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பரவையார் கதை நமக்குத் தெரியும், கதவு திறந்துவிட்டது. ஒற்றியூரில் தனியே நின்றுவிட்ட சங்கிலியாரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தமிழ்நாட்டுக்குத் தலப் பயணம் போகிறவர்கள் வடசென்னையில் திருவொற்றியூருக்கும் போய் வாருங்கள். கோவிலுக்குள்ளேயே மகிழ மரம் இருக்கிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அந்தச் சத்தியத்தை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். சுந்தரர் நின்ற இடத்தைக் காட்டுவார்கள். சங்கிலியார் எங்கே நின்றார் என்றும் கேட்டுப் பாருங்கள்.