விரலும் வில்லையும்

கலையில் நேர்மை என்று பேச ஆரம்பித்தவுடனே நாம் எல்லோரும் பெரிய விஷயங்களுக்குத் தாவிவிடுகிறோம். படைப்பாளியின் தரிசனம், அவனுக்கும் அவன் காலத்துக்கும் உள்ள உறவு, அவன் விலை போனானா இல்லையா - இப்படி. இவை முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நேர்மை இந்தத் தளத்தில் மட்டுமே இயங்குகிற குணம் என்றால், ஒருவனுக்கு அது வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் தேவைப்படும். மிச்ச நாட்களில் அவன் செய்துகொண்டிருப்பது மிகச் சிறிய காரியங்கள். இந்தச் சொல்லா அந்தச் சொல்லா, வாக்கியத்தை இங்கே முடிப்பதா இன்னும் கொஞ்சம் இழுப்பதா. இவற்றில் ஒழுக்கத்துக்கு இடம் உண்டா என்பதை யோசிக்க, நம் துறைக்கு வெளியிலிருந்து ஏறக்குறைய அற்பமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். பேஸ் கிடார் வாசிக்கிறவன் பிக் என்கிற சிறு வில்லையைக் கையில் பிடிப்பதா, வேண்டாமா, பிடிப்பதென்றால் எதை?

பேஸ் கிடார் வயதில் சிறியது. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் தன்னுடைய பிரிசிஷன் பேஸை வெளியிட்டது 1951-ல். அதற்கு முன் ஜாஸ் குழுக்களில் கீழ்ஸ்தாயியைச் சுமந்தது, ஆள் உயரத்துக்கு நிற்கிற டபிள் பேஸ். அதை வில்லால் இழைப்பார்கள், அல்லது விரலால் சுண்டுவார்கள். ஃபெண்டரின் வாத்தியத்திலோ கிடாரில் போல மெட்டுகள் உண்டு. ஒலியை மின்சாரம் பெருக்குகிறது. தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். ஆக, பிறவியிலேயே இது இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தது. டபிள் பேஸிலிருந்து வந்தவர்கள் விரலோடு வந்தார்கள். கிடாரிலிருந்து வந்தவர்கள் பிக்கை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எழுபது வருஷங்களுக்கு மேலாகியும் இந்த இரண்டு கட்சிகளுக்கும் சமாதானம் ஏற்பட்டபாடில்லை.

சண்டை சப்தத்தைப் பற்றியதாக மட்டும் இருந்தால் நமக்கு அதில் அக்கறை இருக்கக் காரணமில்லை. விரல் கட்சிக்காரர்கள், பிக்கின் ஒலி தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வதோடு நிற்பதில்லை. பிக் பிடிக்கிறவன் ஏமாற்றுகிறான், அவன் பேஸ்காரனே இல்லை, வழிதவறி வந்த கிடார்காரன் என்கிறார்கள். சதை நேராகக் கம்பியைத் தொடுகிறது. உணர்ச்சிக்கும் ஒலிக்கும் நடுவே எதுவுமில்லை. பிக் வந்தால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இது நமக்குப் பரிச்சயமான வாதம். யாப்பைக் கழற்றினால் கவிதை நேர்மையாகிவிடும் என்றோம். பிறகு படிமத்தைக் கழற்றச் சொன்னோம். உத்தி என்ற சொல்லையே வசவாகப் பிரயோகிக்கிற விமர்சனம் இன்னமும் எழுதப்படுகிறது. நடுவில் உள்ளதையெல்லாம் அகற்றிவிட்டால் மிஞ்சுவது உண்மை என்ற நம்பிக்கை இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது.

இந்த நம்பிக்கை சரித்திரத்தின் முன் நிற்காது. ஃபெண்டரின் ஆரம்பகால பேஸ்களில், மெல்லிய கம்பியின் பக்கத்தில் ஒரு சிறு கட்டை பொருத்தியிருக்கும். மற்ற விரல்களை அதில் கொக்கி போல் மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் மீட்டுவதற்கான ஏற்பாடு அது. வாத்தியத்தை உண்டாக்கியவனின் மனதில் ஆள்காட்டி விரலும் இருக்கவில்லை, பிக்கும் இருக்கவில்லை. 1970-களின் நடுவில் அந்தக் கட்டை எதிர்ப்பக்கத்துக்கு மாறியது. வாசிக்கிறவர்கள் அதற்குள் வேறு வழிகளில் வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். மூலத்துக்குத் திரும்பச் சொல்கிறவர்கள் உண்மையிலேயே மூலத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே அவர்களுடைய கட்சியின் கொடியைக் காணமுடியாது.

உடம்பின் முன்னும் அது நிற்காது. வாசிக்கிறவனின் விரல் அவன் பிறந்தபோது இருந்த விரல் அல்ல. உலோகக் கம்பியில் தினமும் உரசி அதன் நுனி காய்த்துப்போகிறது. காய்ப்பதற்கு முன் ஒரு ஒலி, காய்த்த பின் வேறு ஒலி. அந்தக் காய்ப்பை உடம்பென்று சொல்வதா, உடம்பிலேயே விளைந்த கருவி என்பதா? ஸ்பானிஷ் கிடார்காரர்கள் இதே கேள்வியில் முன்பே சிக்கிக்கொண்டவர்கள். 1909-ல் இறந்த ஃபிரான்சிஸ்கோ தாரெகா கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு வெறும் சதையால் வாசித்தார். அடுத்த தலைமுறையின் ஆந்த்ரே செகோவியா நகத்தோடு வாசித்து உலகத்தையே தன் பக்கம் திருப்பினார். தாரெகாவின் சீடர் எமிலியோ பூஹோல் இந்தத் தர்மசங்கடத்தைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். நகம் நம்முடையதுதான். ஆனால் அதில் உணர்ச்சி கிடையாது. நேரடி, மறைமுகம் என்ற பாகுபாடு விரல் நுனியிலேயே குழம்பிப்போகிறது.

அப்படியானால் பிக் என்னதான் செய்கிறது? கம்பியைச் சுண்டுவது என்பது அதைச் சற்று இழுத்து விட்டுவிடுவது. விடுகிற கணத்தில் கம்பி எந்த உருவத்தில் வளைந்திருக்கிறதோ அது ஒலியின் குணத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. விரல் அகலமானது, மெத்தென்றது. கம்பி வட்டமாக வளைகிறது. அடிச்சுரத்தின் மடங்குகளாக எழும் மேற்சுரங்கள் அமுங்குகின்றன. பிக் குறுகலானது, விறைப்பானது. கம்பியில் கூரான மூலை விழுகிறது. மேற்சுரங்கள் கும்பலாகக் கிளம்புகின்றன. அரை மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய வில்லை, பேஸின் தடித்த கம்பிக்கு முன் தானே வளைந்துகொடுத்துவிடும். டிக்கென்ற ஓசை மிஞ்சும், சுரம் இளைத்துப்போகும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் கம்பி அசைந்துகொடுக்கிறது. முனை உருண்டிருந்தால் கூர்மை குறைகிறது. ஃபெல்ட்டால் செய்த வில்லை ஏறக்குறைய விரலாகிவிடுகிறது. இதில் அந்தரங்கம் எதுவுமில்லை. எல்லாம் பௌதிகம்.

ஆனால் இந்தப் பௌதிகத்துக்கு மறுமுனையில் கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான். பேஸின் அடிக்கம்பி வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. 1960-களின் டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருந்த சிறு ஸ்பீக்கரால் அதை வெளியிடவே முடியாது. இருந்தும் அந்தச் சுரம் கேட்டது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகள் காதில் விழுந்தால், வராத அடிச்சுரத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. விரலின் ஒலியிலும் மேற்சுரங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பிக்கில் அவை அதிகம். எதை விரல் கட்சிக்காரன் பொய்யான கூர்மை என்று வெறுக்கிறானோ, அதுதான் சிறிய கருவி வழியாகக் கேட்கிற ஏழைக் காதுக்குள் அடிச்சுரத்தை எழுப்புகிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் வாசித்த கரோல் கே, ஜாஸ் கிடாரிலிருந்து வந்தவர். 1963-ல் காபிடல் ரெக்கார்ட்ஸில் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிக்க வேண்டியவர் வராமல் போக, அந்த வாத்தியத்தை எடுத்தார். அவர் பிடித்தது கெட்டியான பிக். கூடவே கம்பிகளின் மேல் ஒரு ஃபெல்ட் துண்டையும் வைத்துக்கொள்வார். பிக் சுரத்தின் தொடக்கத்தைக் கூராக்கும், ஃபெல்ட் அதன் வாலை நறுக்கும். 1966-ல் வந்த பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' தட்டில் பல பாட்டுகளில் இருப்பது அவருடைய பேஸ். இயல்பு என்று சொல்லப்படுவதிலிருந்து இரண்டு படி விலகியதன் மூலம் அவர் கேட்பவனுக்கு இரண்டு படி நெருங்கினார் என்றே நான் நினைக்கிறேன்.

இதை வைத்துக்கொண்டு பிக்தான் ஒழுக்கத்தில் உயர்ந்தது என்று சொல்லக் கிளம்புகிறவர்களும் உண்டு. கூரான தொடக்கம் உள்ள சுரம் தாளத்தில் மயிரிழை பிசகினாலும் அம்பலமாகிவிடும். விரலின் மழுங்கல் தவறை மூடிவிடும். ஆகவே பிக் பிடிக்கிறவனே தைரியசாலி என்று. இதுவும் அதே தூய்மைவாதம்தான், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறது. யெஸ் குழுவின் கிரிஸ் ஸ்குயர், பிக்கும் கட்டைவிரலின் சதையும் ஒரே வீச்சில் கம்பியைத் தொடும்படி வாசித்தவர். அந்தோணி ஜாக்சன் விரலாலும் வாசித்தவர். ஓஜேஸின் 1973-ஆம் வருஷத்துப் பாட்டான 'ஃபார் த லவ் ஆஃப் மனி'க்கு அவர் பிக்கை எடுத்தார். இவர்கள் எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. கையிலிருந்த காரியம் எதைக் கேட்டது என்பதில்தான் அவர்களுடைய கவனம் இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் இருக்கிறார். டெட்ராயிட்டின் மோட்டவுன் கம்பெனியில் 1960-களின் பேஸ் பெரும்பாலும் அவருடையது. டபிள் பேஸிலிருந்து வந்த அவர், வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றைக்கொண்டே வாசித்தார். அந்த விரலுக்குக் கொக்கி என்று பெயரே ஏற்பட்டுவிட்டது. அறுந்தாலொழியக் கம்பியை மாற்றமாட்டார். இவ்வளவு குறுகலான ஒரு வழியில் அவ்வளவு சுதந்திரம் எப்படிச் சாத்தியமாயிற்று? தேர்வு என்பதை வியாபாரம் வேறொன்றாக மாற்றிவைத்திருக்கிறது என்பதை அவரை வைத்துப் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது. இன்று கடையில் பிக்குகள் நிறத்துக்கு ஒரு கனமாக அடுக்கப்பட்டிருக்கின்றன: டார்டெக்ஸ் வகையில் 0.50 சிவப்பு, 0.73 மஞ்சள், 0.88 பச்சை, 1.0 நீலம். வாரத்துக்கு ஒன்றாக வாங்கிப் பார்க்கிறவன் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறான். தேர்ந்தெடுப்பதை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறான். ஒன்றை எடுக்கும்போது விட்டுவிட்ட மற்றவற்றின் இழப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள்வதுதான் தேர்வு. விட்டவை திரும்பி வந்து தொந்தரவு செய்யும். அந்தத் தொந்தரவுக்கு உட்பட்டே வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இதில் இன்னொன்று என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. இந்தத் தேர்வை யாரும் பார்ப்பதில்லை. மோட்டவுன் தட்டுகளில் வாத்தியக்காரர்களின் பெயரைப் போடுவது வழக்கமில்லை. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான் ஜேமர்சனின் பெயர் அட்டையில் அச்சாயிற்று. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் அவர் வாசிப்புக்கு நடனமாடி முடித்திருந்தார்கள். சில மோட்டவுன் பதிவுகளில் வாசித்தது அவரா, கரோல் கேயா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. பிக்கின் தட்டல் அங்கே சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. 2025-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவிக்க முன்வந்தபோது, அது ஸ்டூடியோக் கலைஞர்களின் வேலையைப் பிரதிபலிக்கவில்லை என்று சொல்லி கே மறுத்தார்.

யாரும் கவனிக்காத ஒன்றில் ஒருவனுக்குப் பொறுப்பு எங்கிருந்து வருகிறது? மனசாட்சிக்காக என்பது வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை. தன் மனசாட்சியைத் திருப்திப்படுத்திக்கொள்வதற்காக மட்டும் நன்றாக வேலை செய்கிறவன், கண்ணாடிக்கு முன் நிற்கிறவனிடமிருந்து அதிக தூரத்தில் இல்லை. முந்நூறு பிரதி அச்சடிக்கிற நம் பத்திரிகைகளில் இந்த ஆசாமியை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். டிரான்சிஸ்டர் ரேடியோவின் முன் உட்கார்ந்திருக்கும் அந்தக் காதுதான் மேலான பதிலைத் தருகிறது. பிக் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. தான் கேட்கிற அடிச்சுரம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை என்பதும் தெரியாது. ஆனாலும் அது அவனுக்குள் உண்டாகிறது. கவனிக்கப்படாத தேர்வு பெறப்படாத தேர்வு ஆகிவிடாது. கவிதையில் ஒரு சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாத வாசகனுக்குள்ளும் அந்தச் சொல் தன் காரியத்தைச் செய்துவிடுகிறது. தவறான சொல்லும் அப்படியே. அவனுக்குத் தெரியாமல் அவனுக்குள் நடக்கிறது என்பதனாலேயே நம் பொறுப்பு கூடுகிறது. நம்மைக் கண்டுபிடிக்க அவனால் முடியாது.

கேட்பவனோடும் இது முடிவதில்லை. நெடுங்காலம், உயர்ந்த பிக் என்றால் ஆமை ஓட்டில் செய்தது என்றிருந்தது. அழுங்காமை என்று நம் மன்னார் வளைகுடாவிலும் காணப்படுகிற ஆமையின் ஓடு அது. அழிந்துவரும் உயிரினங்களின் வியாபாரம் பற்றி 1975-ல் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதன் விற்பனைக்குத் தடை போட்டது. அதற்கு வெகு முன்பே, 1920-களில், நியூயார்க்கில் செல்லுலாய்டிலிருந்து பிக் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆமை ஓட்டின் திட்டுகளையும் அதில் கொண்டுவந்தார்கள். டன்லப் கம்பெனி 1981-ல் ஓட்டுக்கு மாற்றாகக் கொண்டுவந்ததுதான் டார்டெக்ஸ். ஓட்டின் ஒலிக்கு ஈடே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காதைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஒலியின் தூய்மை இங்கே உயிரை விலையாகக் கேட்கிறது. அந்த விலையைக் கொடுப்பது வாசிக்கிறவன் இல்லை. அசலைவிடப் போலி நேர்மையாக இருக்கக்கூடிய ஓர் இடம் இது. அழகியல் தன் சொந்த எல்லைக்குள்ளேயே எல்லாவற்றையும் தீர்த்துக்கொள்ள முடியும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

0.73-ஆ, 1 மில்லிமீட்டரா என்பதைத் தத்துவம் சொல்லித்தராது. வாத்தியத்தோடு உட்கார்ந்துதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். உட்காருகிறவன் தனக்கு எது இயல்பாக வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டால் பாதியில் நின்றுவிடுகிறான். மறுமுனையில் யாருக்குள் என்ன உண்டாகிறது, இதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்றும் கேட்டாக வேண்டும். கேட்டுவிட்டு அவன் விரலை எடுக்கலாம், வில்லையை எடுக்கலாம். எதை எடுத்தாலும் அடுத்த பாட்டுக்கு மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும்.