நாம யாரு?

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். இந்தியா கிரிக்கெட்டில் ஜெயித்த மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போங்கள். ''நேத்து ஜெயிச்சுட்டோம்ல!'' என்று ஒருவர் சிரிப்பார். தோற்ற மறுநாளும் போங்கள். அதே கடை, அதே பெஞ்ச், அதே ஆசாமி. ''தோத்துட்டானுங்க சார்!'' என்பார்.

கவனித்தீர்களா? ஜெயிச்சது நாம். தோத்தது அவனுங்க. ஒரு வினைச்சொல்லின் வாலைக் கொஞ்சம் திருப்பி, மனுஷன் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்சி மாறிவிட்டார்.

இது நம்மூர் வியாதி மட்டுமில்லை. ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1976-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏழு பல்கலைக்கழகங்களில் பார்த்தார்கள். வார இறுதியில் கல்லூரி அணி ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை கல்லூரி பெயர் போட்ட சட்டைகள் வகுப்பில் அதிகம் தென்பட்டன. போனில் பேட்டி எடுத்தபோது, ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது 'நாங்கள்' அதிகமாக வந்தது. தோற்ற ஆட்டத்துக்கு அது குறைந்துபோனது. அந்த ஊர் டீக்கடையும் நம்ம டீக்கடைதான்.

நான் பி.காம். படித்தவன். எதையும் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. 1932-ம் வருடத்துப் பார்ட்னர்ஷிப் சட்டம் என்ன சொல்கிறது? லாபத்தைப் பகிர்ந்துகொள்வதாக ஒப்புக்கொண்டவர்கள்தான் பார்ட்னர்கள். ரசிகனுக்கு லாபத்தில் காலணா கிடையாது. 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' என்று ஒருவகை உண்டு. பணம் போடுவார், வேலை செய்யமாட்டார். ரசிகன் அதற்கு நேர் எதிர். பணம் போடுவதில்லை, தூங்குவதும் இல்லை. கண் விழித்து, தொண்டை கிழிய வேலை மட்டும் செய்கிறான். நஷ்டம் வந்தால் அதில் மட்டும் முழுப் பங்கு. ராத்திரி சாப்பாடு இறங்காது.

அப்புறம் எந்த உரிமையில் அந்த 'நாம'?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எங்கள் திருவண்ணாமலையைவிடத் தோதான ஊர் கிடையாது. 1896 செப்டம்பர் 1-ம் தேதி மதுரையிலிருந்து ஒரு பதினாறு வயசுப் பையன் இங்கே வந்து இறங்கினான். 1950-ல் மறையும்வரை ஊரைவிட்டு நகரவில்லை. ரமணர். அவர் எல்லோரையும் கேட்கச் சொன்ன கேள்வி, 'நான் யார்?' அதைக் கேட்டுக்கொள்ள இன்றைக்கும் எங்கெங்கிருந்தோ ப்ளேன் பிடித்து வருகிறார்கள்.

என்னைக் கேட்டால், 'நாம யாரு?' என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி. 'நான் யார்?' என்று தனியாகக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்ளலாம். 'நாம'வுக்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் தமிழில் இரண்டு இருக்கிறது. 'நாங்க' என்றால் கேட்கிறவர் வெளியே. 'நாம' என்றால் கேட்கிறவரும் உள்ளே. இங்கிலீஷ்காரனுக்கு இந்த வசதி கிடையாது; ஒரே ஒரு 'வீ'யை வைத்துக்கொண்டு சமாளிக்கிறான்.

ஆனால், வாய் 'நாம' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கண் 'நாங்க' என்று சொல்ல முடியும். அதை நான் பார்த்தது ஒரு சிவராத்திரி அன்று.

2003 மார்ச் 1, சனிக்கிழமை. உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்காவில் செஞ்சூரியன் மைதானத்தில் இந்தியா - பாகிஸ்தான். அன்றைக்கே மகா சிவராத்திரி. ஊர் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். சிவன் அடிமுடி காண முடியாத அக்னித் தூணாக நின்ற இடமே இதுதான் என்பது எங்கள் ஸ்தல புராணம். வெளியூர்க் கூட்டம் மதியமே வந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. தேரடித் தெருப் பக்கம் ஒரு கடைக்காரர் டிவியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். நெற்றி நிறைய விபூதியும் கையில் வில்வமுமாக பக்தகோடிகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். எனக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் செட்டில் ஒருவன் முஸ்லிம். பெயர் வேண்டாம், ஊர் சின்னது. சச்சின் பைத்தியம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். பேப்பரில் வந்த படங்களை வெட்டி, நாற்பது பக்க நோட்டுகளில் ஒட்டி, தேதி போட்டு வைத்திருப்பான்.

பாகிஸ்தான் முதலில் ஆடியது. சயீத் அன்வர் 101. என்ன ஒரு மணிக்கட்டு அந்த மனுஷனுக்கு! ''பிளேயர்னா இவன் பிளேயர்டா'' என்று நான் கை தட்டினேன். பக்கத்தில் நின்ற பெரியவர், ''அவனுக்குப் போய்த் தட்டறியேப்பா'' என்றார், பாதி சிரிப்போடு. விஷயம் அதோடு முடிந்தது. 273 ரன்கள்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஷோயப் அக்தரின் முதல் ஓவரிலேயே 18 ரன். தேர்டு மேனுக்கு மேலே சச்சின் அடித்த அந்த சிக்ஸர்! தெருவே குதித்தது. என் நண்பன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். ஒவ்வொரு பவுண்டரிக்கும். 75 பந்தில் 98 எடுத்து, தசைப்பிடிப்போடு நொண்டிக்கொண்டே ஆடிய சச்சின் அவுட்டானபோது, தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். டிராவிடும் யுவராஜும் முடித்துவைத்தார்கள். ஆறு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். (பாருங்கள், 'ஜெயித்தோம்'!)

ராத்திரி கிரிவலம் கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர். அவனும் வந்தான். சாமி கும்பிட இல்லை, எங்களோடு நடக்க. எப்போதும் அப்படித்தான். எமலிங்கம் தாண்டி ஒரு தள்ளுவண்டியில் சுக்கு காபி குடித்துக்கொண்டிருந்தோம். மற்ற மூவரும் சச்சினின் சிக்ஸரைக் கையாலேயே திரும்ப அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான்.

''மச்சான், அன்வர் செஞ்சுரி போட்டப்ப நீ கை தட்டுனல்ல?''

''ஆமா. சூப்பரா ஆடுனான்டா.''

''எனக்கும் தட்டணும்னு இருந்துச்சுடா.''

அவ்வளவுதான் சொன்னான். டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டான்.

அவன் போட்ட சத்தம் நடிப்பில்லை. அந்த நோட்டுகளைப் பார்த்தவன் நான். ஆனால், நிஜமாக வந்த சத்தத்தையே அவன் ஒரு படி கூட்டிக் கத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அந்தக் கூட்டத்தில் நாலு முகம் டிவியை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தது. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எதிரணிக்குக் கை தட்டுவது என்னைப் பொறுத்தவரை பெருந்தன்மை. அவனைப் பொறுத்தவரை சாட்சியம்.

சேப்பாக்கம், 1999 ஜனவரி 31. சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இன்றுவரை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சம்பவம். பெருமைப்பட வேண்டியதுதான். அன்று நான் நினைத்துப் பார்க்காத ஒன்றை, சுக்கு காபிக்கு அப்புறம் நினைத்துப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் என் நண்பன் மாதிரி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சுற்றிலும் எல்லோரும் எழுந்த பிறகு, அப்பாடா என்று எழுந்திருப்பார்களோ?

எங்கள் ஸ்தல புராணத்திலும் ஒரு ரசிகர் உண்டு. யார் பெரியவர் என்று பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் போட்டி. முடியைப் பார்க்காமலேயே பார்த்ததாகச் சொன்ன பிரம்மாவுக்காகத் தாழம்பூ பொய் சாட்சி சொன்னது. அதனால் சிவ பூஜையில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. கட்சிக்காகப் பொய் சொன்ன தாழம்பூவுக்குக் கிடைத்த தண்டனை தெரிகிறது. மனசில் பட்டதைச் சொல்ல முடியாமல் சும்மா இருந்த பூவுக்கு என்ன கணக்கு?

2021 அக்டோபர் 24, துபாய். டி20 உலகக் கோப்பையில் இந்தியா பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டில் தோற்றது. பதினோரு பேரும் சேர்ந்து தோற்ற ஆட்டம். ஆனால், இணையத்தில் வசவு மதத்தின் பெயரால் முகமது ஷமியைத் தேடிப் போனது. இந்தியாவுக்காக வருடக்கணக்கில் பந்து வீசியவருக்கே அந்த 'நாம'வில் தற்காலிக அட்டைதான் கொடுத்திருந்தார்கள் போல! கேப்டன் கோலி வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். அவர் அடித்த சதங்களில் பாதியை மறந்தாலும், அந்தப் பேச்சை நான் மறக்கமாட்டேன்.

இதன் இன்னொரு பக்கம் வேடிக்கையானது. இம்ரான் தாஹிர். 1979-ல் லாகூரில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவுக்கு ஆடியவர். 2018-ல் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வந்தார். விக்கெட் எடுத்ததும் கையை விரித்துக்கொண்டு பவுண்டரிவரை ஓடுவார். நம் ஆட்கள் அவருக்கு 'பராசக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள்! லாகூர்க்காரர் மஞ்சள் சட்டை போட்டதும் பராசக்தி ஆகிவிட்டார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், ஒவ்வொரு விக்கெட்டுக்கும் கத்தி நிரூபிக்க வேண்டும். 'நாம' என்பது ரப்பர் மாதிரி. லாகூர் வரைக்கும் நீள்கிறது, பக்கத்துத் தெருவுக்கு வரும்போது சுருங்குகிறது.

தாஹிர் எனக்கு இன்னொரு வகையிலும் முக்கியமானவர். சென்னை அணியில் என்னைவிட வயதில் மூத்தவராகக் கடைசியாக இருந்தவர் அவர்தான் என்பது என் கணக்கு.

இருபது வயதில் பிளேயர்கள் அண்ணன்கள். சச்சின் என்னைவிட ஏழு வயது பெரியவர்; அவரைப்போல ஆகிவிடலாம் என்று ஒரு மூலையில் நப்பாசை இருந்தது. அப்புறம் தோனி வந்தார். எனக்கு ஒரு வயது இளையவர், சோட்டாள் மாதிரி. சச்சின் 2013 நவம்பரில் விடைபெற்றார். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் எல்லோரும் பையன்கள். 2025 ஐ.பி.எல்.லில் பதினான்கு வயது வைபவ் சூர்யவன்ஷி 35 பந்தில் சதம் அடித்தான். 'அடித்தார்' என்று எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும். அவன் பிறந்தது 2011 மார்ச் 27. வான்கடேயில் தோனி சிக்ஸர் அடித்துக் கோப்பையை வாங்க ஆறு நாள் இருந்தது. (தாஹிரின் பிறந்த நாளும் மார்ச் 27-தான். சும்மா ஒரு தகவல்.)

இந்தப் பையன்கள் ஜெயித்தால் சந்தோஷம்தான். ஆனால், நான் பெரிய ஆளாகிவிட்ட மாதிரித் தோன்றுவதில்லை. முன்பெல்லாம் தோற்றால் சாப்பிடமாட்டோம். இப்போது மாத்திரை போட வேண்டும், அதற்காகவாவது சாப்பிட்டாக வேண்டும். திரையிலிருந்து கண் கொஞ்சம் விலகுகிறது. விலகினால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. எங்கள் ஐவரில் ஒருவன் 2021-ல் கொரோனாவில் போய்விட்டான். அக்கவுண்ட்ஸ் பாடத்தில் 'குட்வில்' என்று ஒன்று வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பார்ட்னர் விலகினாலோ இறந்தாலோதான் உட்கார்ந்து மதிப்புப் போடுவார்கள்.

மிச்சம் நாலு பேரும் 2025 பிப்ரவரி 23 அன்று ஒன்றாக உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை. சிவராத்திரிக்கு மூன்று நாள் முன்பு. சாம்பியன்ஸ் டிராபி, துபாய், மறுபடியும் பாகிஸ்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அந்த நண்பன் லீவில் வந்திருந்தான். பதினேழு வயது மகனையும் கூட்டிவந்தான். இந்த முறை என் வீட்டு ஹால். சுண்டல், சர்க்கரை போடாத டீ. ''மேட்ச் முடிஞ்சு மலை சுத்தலாமா?'' என்று ஒருத்தன் கேட்டதற்கு, மூன்று முழங்கால்கள் ஒரே சமயத்தில் 'வேண்டாம்' என்றன.

242 எடுக்க வேண்டும். ஷுப்மன் கில் 46-ல் அழகாக ஆடிக்கொண்டிருந்தார். அப்ரார் அகமது ஒரு பந்து போட்டார். உள்ளே வருவதுபோல் வந்து, குத்தி வெளியே திரும்பி, ஸ்டம்பைத் தட்டியது. கில் அப்படியே நின்றார்.

''யப்பா... என்னா பால்!'' என்று பையன் படபடவென்று கை தட்டிவிட்டான்.

என் நண்பனின் கண் சட்டென்று எங்கள் மூன்று பேர் முகத்திலும் ஒரு சுற்று போய்வந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் எங்கள் முகங்களில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இருந்தும் பார்த்தான்.

''இன்னொருவாட்டி போடுவான் பாரு, ரீப்ளே'' என்று ஒருத்தன் சுண்டல் கிண்ணத்தைப் பையன் பக்கம் தள்ளினான். ரீப்ளே வந்தது. ஆளாளுக்கு அந்தப் பந்து எவ்வளவு திரும்பியது என்று விரலால் அளந்தோம்.

''இன்னா அத்தா, என்னைப் பாக்குற?'' என்றான் பையன்.

''ஒண்ணுமில்ல. நீ ஆட்டத்தைப் பாரு.''

கோலி கடைசியில் ஒரு பவுண்டரி அடித்து, சதத்தையும் ஆட்டத்தையும் ஒன்றாக முடித்தார். அதே ஆறு விக்கெட். அப்போது மணி பத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்களில் இரண்டு பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தோம்.