ஊக்கத்தின் ஊற்று

பியானோ கற்க வரும் சிறுவனைப் பெற்றோர் கைபிடித்து அழைத்து வருகின்றனர். வளர்ந்தவரோ தாமாகவே வருகின்றார். சிறுவன் விட்டுவிட எண்ணினாலும் வீட்டார் விடார். வளர்ந்தவர் விட்டுவிட்டால் ஏனென்று கேட்பார் எவருமிலர். ஆர்வத்தோடு தொடங்கும் முதிர்ந்த மாணாக்கருட் பலர் சில மாதங்களிலேயே பயிற்சியைக் கைவிடக் காண்கின்றோம். நேரமின்மை, வயது, விரல்களின் விறைப்பு என்பன காரணங்களாகக் கூறப்படும். இவை பொய்யல்ல. ஆயினும் இவற்றின் அடியில் வேறொரு வினா மறைந்து கிடக்கின்றது. தான் ஒருபோதும் வல்லுநன் ஆகப்போவதில்லை என்று தெரிந்த ஒரு கலையில் மனிதன் தன் உழைப்பைச் செலவிடுவது தகுமா? இவ்வினாவுக்கு விடை காணாதவன் தன் ஊக்கத்தை நெடுநாள் காத்துக்கொள்ள முடியாது என்பது எமது கருத்து.

நாமும் இவ்வகை மாணாக்கருள் ஒருவரே. முப்பது வயது கடந்தபின், பாடசாலை மண்டபத்தில் நெடுங்காலம் மூடிக்கிடந்த பியானோவின் முன் அமர்ந்தோம். வலக்கை தனியே வாசிக்கும். இடக்கையும் தனியே வாசிக்கும். இரண்டையும் சேர்த்ததும் இரண்டும் தடுமாறும். எனினும் முதல் மூன்று மாதங்கள் மகிழ்ச்சியிற் கழிந்தன. ஆறாம் மாதத்திலோ நாம் பின்னடைந்துவிட்டதாகவே தோன்றியது. முன்பு இனிமையாய் ஒலித்த அதே சிறு பாடம் இப்போது கரடுமுரடாக ஒலித்தது. எமக்குக் கற்பித்த அம்மையாரிடம் முறையிட்டோம். அவர் தந்த விளக்கம் எளியது: விரல் கெடவில்லை, செவி திருந்தியிருக்கிறது. முன்னர் எமக்குக் கேளாத பிழைகள் இப்போது கேட்கின்றன.

இவ்விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சிறுவனின் செவியும் விரலும் ஒருங்கே வளர்கின்றன. முதிர்ந்தவனின் செவியோ பல்லாண்டு இசை கேட்டுப் பழகியது. அவன் விரல்களுக்கு மட்டுமே வயது ஆறு மாதம். ஆகவே அவன் வாசிப்பு அவனுக்கே வெறுப்பூட்டுகின்றது. அவ்வெறுப்பு வளர்ச்சியின் அடையாளம். அதனைத் தோல்வியின் அடையாளமாகக் கொள்பவன், தான் முன்னேறத் தொடங்கிய அதே கட்டத்திற் பயிற்சியை விட்டு நீங்குகின்றான். பிழையோடு விரைந்து வாசிப்பவன் பிழையையே பயில்கிறான் என்பதும் இங்கு நினைவுகூரற்பாலது. ஒரு கையை மட்டும், நான்கே அளவுகளை, மிக மெதுவாக வாசித்து ஒருநாளை முடிப்பது சிறுமையன்று.

இனி, அளவுகோலைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். இலங்கையில் மேனாட்டிசை கற்கும் பிள்ளைகள் இலண்டன் நிறுவனங்கள் நடத்தும் பரீட்சைகளில் எட்டுத் தரங்கள் வரை படிப்படியாக ஏறுகின்றனர். பரீட்சை தீதன்று, அது பயிற்சிக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றது. ஆனால் முப்பது வயது ஆசிரியருக்கு அச்சான்றிதழால் பதவியுயர்வு வாராது. ‘அவ்வாறாயின் இதனாற் பயன் யாது?’ என்று அயலார் கேட்கின்றனர். நாமும் எம்மையே கேட்டுக்கொள்கின்றோம். விற்கக்கூடியதே உழைப்பு என்னும் சந்தையின் தீர்ப்பு, நாம் அறியாமலே எமது உள்ளத்திற் குடிகொண்டிருப்பதை இக்கேள்வி காட்டுகின்றது.

உழைப்பென்பது மனிதன் தன் சுகத்தைப் பலியிடுவது என்று அடம் ஸ்மித் கருதினார். 1857-58 இல் எழுதிய குறிப்பேடுகளில் மார்க்ஸ் இதனை மறுத்தார். தடைகளை வெல்வதே சுதந்திரத்தின் செயற்பாடாக அமையலாம் என்றார். அதேவேளை, சுதந்திரமான உழைப்பு வெறும் களியாட்டு அன்று எனவும் வற்புறுத்தினார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் இசையாக்கம்: அது மிகக் கடுமையான முயற்சியை வேண்டுவது. இன்பமாகவே இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவன் கடினம் கண்டதும் ஓடுகிறான். கடமையாகக் கொண்டவன் சலித்து விடுகிறான். கடினமும் சுதந்திரமும் ஒன்றிலேயே இருத்தல் கூடும் என்று கண்டவனே நிலைக்கின்றான்.

இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகையின் ஆசிரியராயிருந்த அலன் ரஸ்பிரிட்ஜர், ஐம்பது வயது கடந்தபின், 2010 இல், சொப்பினின் முதலாவது பலாட்டைக் கற்க முனைந்தார். தொழில்முறைக் கலைஞரும் அஞ்சும் ஆக்கம் அது. விக்கிலீக்ஸ் ஆவணங்களும் தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரமும் அவரது பொழுதை விழுங்கிய காலம். நாளொன்றுக்கு இருபது நிமிடம் என்ற அளவிலேயே அவர் பயின்றார். அந்த அனுபவத்தை 2013 இல் நூலாக வெளியிட்டார். பெருங்கலைஞரைப் போல அவர் வாசித்தாரா என்பது எமது வினாவன்று. ஊக்கம் பிறக்கட்டும் என்று காத்திராது நாள்தோறும் அமர்ந்தமையே நாம் கருதவேண்டியது. ஊக்கம் பயிற்சிக்கு முன் வருவதிலும் பயிற்சியின் பின் வருவதே பெரிது.

‘பத்திரிகாசிரியருக்கு இருபது நிமிடம் கிடைத்தது, ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்குமா?’ என்று வாசகர் வினவலாம். நியாயமான கேள்வி. வேலையும் வீட்டுப்பணியும் ஒருங்கே சுமக்கும் பெண்ணுக்கு அவ்விருபது நிமிடமும் அரிது. ஆயின் இதிலிருந்து பெறப்படுவது இசைப்பயிற்சி வீண் என்பதன்று. ஓய்வு பொதுவுடைமை ஆகவில்லை என்பதே. 1886 இல் சிக்காகோவில் எட்டு மணி நேர வேலைநாளுக்காகப் போராடிய தொழிலாளர், கூலியை மட்டும் வேண்டி நின்றாரல்லர். தமக்கென ஒரு பொழுதையும் வேண்டினர். அப்பொழுதை மனிதன் எதனால் நிரப்புவான் என்பதும் எமது அக்கறைக்குரியதே.

சோக்கிரட்டீஸ் முதிய வயதிற் கொன்னஸ் என்பவரிடம் யாழ்வகைக் கருவி பயின்றாரென்றும், உடன்பயின்ற சிறுவர் அவரைக் கண்டு நகைத்தனரென்றும் பிளேட்டோ எழுதுகின்றார். எமது மண்டபத்தின் சாளரத்தண்டை நின்று எமது மாணவரும் நகைத்ததுண்டு. முதலில் நாணினோம். பின்னர் ஓர் உண்மை உறைத்தது. தெரியாத ஒன்றின் முன் திணறி நிற்பது எத்தகையது என்பதை நாம் முற்றாக மறந்திருந்தோம். இலக்கணத்தில் இடறும் மாணவனை வகுப்பறையில் எத்தனை முறை எள்ளியிருக்கிறோம்! இப்போது அவ்வாறு செய்ய நா எழுவதில்லை.

எந்தத் தரத்துச் சான்றிதழும் எமக்கு இதனைக் கற்பித்திராது. இன்னும் இரு கைகளும் முழுமையாக இணங்கவில்லை. நாளையும் இருபது நிமிடம் அமர்வோம்.