பொருட்செலவும் கலைத்துணிவும்

ஒருவன் அச்சத்தினாற் பின்வாங்கினானா, விவேகத்தினாற் பின்வாங்கினானா என்பதைப் புறத்தே நின்று தீர்மானித்தல் எளிதன்று. இரண்டும் பெரும்பாலும் ஒரே தோற்றத்தையே கொண்டிருக்கும். துணிவு என்பது கோழைமைக்கும் கண்மூடித்தனமான துணிச்சலுக்கும் இடைப்பட்ட நிலை என்றார் அரிஸ்டோட்டில். அந்த இடைநிலை எங்கே அமைகின்றது என்பதே கடினமான வினா. தனிமனித வாழ்வில் எழும் இவ்வினா கலைப்படைப்புகள் தொடர்பாகவும் எழுகின்றது. பெருந்தொகைப் பணம் ஈடுபடுத்தப்படும் திரைப்படத்துறையில் அது மேலும் கூர்மையடைகின்றது. 2007ஆம் ஆண்டில் வெளியான 'த கோல்டன் கொம்பஸ்' என்னும் மாயக்கற்பனைத் திரைப்படம் இவ்வகையில் ஆராயத்தக்கதாகும்.

பிலிப் புல்மன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1995இல் வெளியிட்ட 'நோதேர்ண் லைற்ஸ்' என்ற நாவலே இப்படத்தின் மூலமாகும். அந்நாவலின் உலகில் ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவும் விலங்கு வடிவில் அவருடன் கூடவே வாழ்கின்றது. அதற்கு டீமன் என்று பெயர். மஜிஸ்தீரியம் எனப்படும் திருச்சபை அதிகாரம் அவ்வுலகை ஆள்கின்றது. பாவத்தினின்றும் குழந்தைகளைக் காப்பதாகக் கூறி, அதன் ஆதரவு பெற்றோர் அவர்களை வடதுருவப் பகுதிக்குக் கொண்டுசென்று, அவர்தம் டீமன்களை வெட்டிப் பிரிக்கின்றனர். ஆன்மாவை இழந்த குழந்தை அடங்கிப்போகும், வினா எழுப்பாது. லைரா என்னும் சிறுமி, உண்மையைக் காட்டும் கருவியொன்றின் துணையுடன் இக்கொடுமையை எதிர்த்துச் செல்கின்றாள். தன் நண்பன் ரோஜரை மீட்கும் அவள், அவனைத் தன் தந்தையான அஸ்ரியல் பிரபுவிடம் அழைத்துச் செல்கின்றாள். அஸ்ரியலோ வேற்றுலகுக்கு வழிதிறக்கும் பொருட்டு அச்சிறுவனையே பலியிடுகின்றான். நல்லெண்ணத்துடன் செய்த செயலே நண்பனின் சாவுக்குக் காரணமாயிற்று என்ற அறிவுடன் நாவல் முடிகின்றது. அதிகாரத்தை எதிர்ப்பவனும் அதிகாரத்தின் கொடுமையையே கைக்கொள்ளக்கூடும் என்பது அம்முடிவின் பொருள்.

'லோட் ஒவ் த ரிங்ஸ்' படங்களால் பெரும் வெற்றியீட்டிய நியூ லைன் சினிமா நிறுவனம், சுமார் 180 மில்லியன் அமெரிக்க டொலர் செலவில் இந்நாவலைப் படமாக்கிற்று. கிறிஸ் வைற்ஸ் அதனை நெறிப்படுத்தினார். படத்தில் மஜிஸ்தீரியத்தின் சமயச் சார்பு பெரிதும் மங்கலாக்கப்பட்டு, அது பொதுவானதோர் அதிகார அமைப்பாக மாற்றப்பட்டது. நாவலின் இறுதி அத்தியாயங்களுக்குரிய காட்சிகள் படமாக்கப்பட்டிருந்தும், வெளியான படத்தில் அவை இடம்பெறவில்லை. மீட்கப்பட்ட ரோஜருடன் லைரா நம்பிக்கையோடு வான்வழியே செல்வதுடன் படம் நின்றுவிடுகின்றது.

இம்மாற்றங்களுக்கு ஆதரவாகக் கூறத்தக்கவை உள. முதலாவது, முதலீட்டாளரின் பணம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளாகும்; அதனை அழிவுக்குள்ளாக்கும் உரிமை கலைஞனுக்கு இல்லை. இரண்டாவது, சமய நம்பிக்கையுடையோரின் மனத்தை வீணே புண்படுத்தாமை ஒரு பண்பு. மூன்றாவது, நாவலைப் படமாக்குவோர் விடுத்தலும் சுருக்கலும் தவிர்க்க முடியாதவை. இம்மூன்றையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எனினும், விடப்பட்டது எது என்பதையும் நோக்கல் வேண்டும். கிளைக்கதைகளை விடுதல் உருவத்தின் தேவை. கதை எந்த வினாவின் மேல் நிற்கின்றதோ அந்த வினாவையே விடுதல் வேறுவகையானது. முதலீட்டைக் காக்க விரும்பிய நிறுவனம் இந்நாவலைத் தேர்ந்தெடாதிருந்திருக்கலாம். அது நேர்மையான விவேகமாக இருந்திருக்கும். நம்பிக்கையாளரை மதிப்பதாயின் நாவலின் கருத்தை வெளிப்படையாக மறுத்தும் படமெடுத்திருக்கலாம், அதுவும் நேர்மையே. நாவலின் புகழைப் பெற்றுக்கொண்டு அதன் பொருளை மட்டும் மறைத்தல் இவ்விரண்டிலும் சேராது. விவேகம் தான் எதனை ஏன் விடுகின்றது என்பதை வெளிப்படையாகக் கூறவல்லது. அச்சமோ எதையும் விடவில்லை என்று காட்டிக்கொள்ள முற்படும். இரண்டையும் வேறுபடுத்தும் அளவுகோல் இதுவே எனலாம்.

மறைத்ததனால் எதிர்ப்புத் தணியவுமில்லை. அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் என்னும் அமைப்பு, இப்படம் சிறுவரை நூல்களின்பால் ஈர்க்கும் என்று கூறிப் புறக்கணிக்குமாறு கோரிற்று. நாவலை நேசித்தோரோ ஏமாற்றமடைந்தனர். வட அமெரிக்காவில் படம் ஈட்டியது சுமார் 70 மில்லியன் டொலர் மட்டுமே. உலகளாவிய வருவாய் 370 மில்லியனைக் கடந்தபோதிலும், வெளிநாட்டு உரிமைகளை முன்னரே விற்றிருந்தமையால் அதன் முழுப்பயன் நிறுவனத்துக்குக் கிட்டவில்லை. 2008இல் நியூ லைன், வோர்ணர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. அடுத்த இரு நாவல்கள் திரைப்படமாகவில்லை.

இத்தோல்வியை அறத்தின் தண்டனையாகக் கொள்ளுதல் தவறாகும். படம் பெருவெற்றி பெற்றிருப்பினும் மேற்கூறிய குறை குறையாகவே இருந்திருக்கும். விளைவை வைத்துச் செயலை அளப்போர், இலாபமீட்டிய கோழைமையைத் துணிவென்று புகழவும் நேரிடும். சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருது இப்படத்துக்கே கிடைத்தது. துன்பியல் நாடகத்தின் ஆறு கூறுகளுள் காட்சியமைப்பையே கவிதைக்கலையோடு மிகக் குறைந்த தொடர்புடையதாக அரிஸ்டோட்டில் கருதியமை இங்கு நினைக்கத்தக்கது. கவசமணிந்த பனிக்கரடிகளை உயிருடன் உலவவிட்ட தொழில்நுட்பத்தால், ஒரு சிறுவனின் சாவு எழுப்பும் வினாவை ஈடுசெய்ய முடியவில்லை.

2019இல் தொடங்கி 2022இல் நிறைவெய்திய தொலைக்காட்சித் தொடர், திருச்சபையின் பங்கையும் ரோஜரின் சாவையும் விடாது காட்டிற்று. ஆகவே, அவற்றைக் காட்டவே முடியாது என்ற வாதமும் நிலைபெறாது.

குழந்தைகளுக்கு எதனைக் கூறலாம் என்பதே ஈற்றில் எஞ்சும் வினா. நல்லவள் ஒருத்தியின் செயலும் தீங்காக முடியக்கூடும் என்ற உண்மையைத் தாங்கும் வலிமை அவர்களுக்கு இல்லை என்று படத்தை ஆக்கியோர் எண்ணினர் போலும். நாவலில் வரும் மஜிஸ்தீரியமும் குழந்தைகளைப் பற்றி அவ்வாறே எண்ணிற்று. காப்பதாகக் கூறி அறிவினின்றும் பிரித்தல் எத்தகைய தீங்கு என்பதைக் கூறவந்த கதைக்கே அத்தீங்கு இழைக்கப்பட்டது. அதற்குச் செலவான தொகை பெரிது; அதனைத் தவிர்க்க வேண்டியிருந்ததோ பணத்தால் வாங்கமுடியாத துணிவு ஒன்றேயாகும்.