பூனைக்குட்டியும் ஒரு கேள்வியும்

மூன்று மாதங்களாக என் வீட்டிலே ஒரு பூனைக்குட்டி ஆட்சி செலுத்தி வருகின்றது. மழைநாளொன்றில் மதிலோரம் நின்று கத்தியதை என் துணைவி தூக்கி வந்தார். திருத்துவதற்கு வைத்த கொப்பிகளைக் கீறுவதும், மீன் வெட்டும் வேளையில் அடுக்களையிலே அது புரியும் அட்டகாசமும் சொல்லி முடியா. அதனிடம் நான் மனத்தைப் பறிகொடுத்துவிட்டேன். இதை ஒளிப்பதிற் பயனில்லை.

ஆசிரியர் சங்கத்துத் தோழர் ஒருவர் இதைக் கண்டு முகஞ்சுளித்தார். 2022ஆம் ஆண்டிலே பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்ற நாடு இது. இங்கே பூனைக்குப் பால் வார்ப்பது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கல்லவா என்பது அவர் வினா. நியாயமான வினாவே. ஏழையின் பசிக்கு இரங்காத சீமாட்டிகள் நாய்க்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுவதை நாமும் கண்டிருக்கின்றோம்.

உடனே நான் ரோசா லக்சம்பேர்க்கைத் துணைக்கழைத்தேன். பேர்லினில் அவர் வளர்த்த மிமி என்னும் பூனை, அவருடைய கடிதங்களிலே குடும்பத்தில் ஒருவர் போலவே நடமாடுகின்றது. 1911இல் தம்மைக் காண வந்த லெனினையும் அது கவர்ந்துவிட்டதென அவர் பெருமையோடு எழுதினார். 1917 டிசம்பரிலே, பிரெஸ்லோ சிறைமுற்றத்தில், ருமேனியாவிலிருந்து போரிற் கைப்பற்றப்பட்ட எருமைகள் பாரவண்டியிற் பூட்டி அடிக்கப்படுவதைக் கண்டு துடித்து எழுதியவரும் அவரே. 1919 ஜனவரியிற் கொலையுண்ட நாள்வரை அவர் போராட்டத்தைக் கைவிட்டதில்லை.

ஆயினும் இந்த ஓர் உதாரணத்தால் தோழரை வென்றுவிட்டதாக எண்ணினால் அது என்னை நானே ஏமாற்றுவதாகும். விலங்குகளைப் பாதுகாக்க 1933 நவம்பரில் விரிவானதொரு சட்டத்தை இயற்றியது ஹிட்லரின் அரசு! விலங்கிடம் கொள்ளும் அன்பு மனிதாபிமானத்துக்குச் சான்றிதழ் அன்று.

அப்படியாயின் நான் இக்குட்டியில் நேசிப்பது எதனை? மாடு பால் தருகின்றது. நாய் காவல் காக்கின்றது. பூனை எலி பிடிக்கும் என்பார்கள். எங்கள் குட்டியோ எலியைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கி நிற்கின்றது. பயனும் இல்லை, பணிவும் இல்லை. அதன் குறும்பையே நான் விரும்புகின்றேன் போலும்.

இவ்வாறு எண்ணியபோதுதான் சென்ற தவணை நிகழ்ச்சியொன்று நெஞ்சை உறுத்தியது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் முன்வாங்கில் இருந்தவனின் சட்டையில் மை தெளித்தான். ஒரு பாடவேளை முழுவதும் அவனை வெளியே நிறுத்தினேன். அதே மையைக் குட்டி என் வேட்டியிற் கொட்டிய அன்றோ வாய்விட்டுச் சிரித்தேன். குட்டியிடம் நான் எந்தப் பெறுபேறும் எதிர்பார்ப்பதில்லை; அதைப் பற்றி மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியதுமில்லை. மாணவனோ எனக்குப் பட்டியலில் ஓர் எண். தொழிலாளியைக் கூலிக் கணக்கில் மட்டும் காணும் முதலாளியின் கண் என்னிடமும் இருந்திருக்கின்றது.

தோழரிடம் இதனை ஒப்புக்கொண்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அண்டைக்கு அந்தப் பிள்ளை காலையிலே சாப்பிட்டுவிட்டு வந்தவனோ என்று கேட்டீரோ?" என்றார்.

நான் கேட்டிருக்கவில்லை.