எளிமைக்கு எதற்கு எழில்?

அழகு அறிவுக்குப் பகையா? ஆடம்பரத்தை வெறுப்பவன் அணியையும் வெறுத்தே ஆகவேண்டுமா? பொய்ம்மையின் மேற்பூச்சைச் சுரண்டி எறியப் புறப்பட்டவன் கையில் தூரிகையும் மைக்கோலும் இருக்கலாமா?

சிறிய வினா என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. சீர்திருத்தம் பேசுவோர் எவரும் ஒருநாள் சந்தித்தே தீரவேண்டிய வினா. சடங்கை விலக்கு என்கிறோம், மக்கள் விலக்குகிறார்கள். விலக்கிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெற்றிடத்தில் எதை வைப்பது? எதையுமே வைக்காவிட்டால், துரத்தப்பட்ட பழைமை கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்து குடியேறிவிடும். எதையாவது வைத்தாலோ, நாளடைவில் அதுவே புதிய சடங்காகி நம் கழுத்தில் ஏறி அமர்ந்துவிடும். என் செய்வது?

விடை தேடி, பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்குச் செல்வோம். அங்கே ஒரு தோல் நமக்காகக் காத்திருக்கிறது. ஆம், பதப்படுத்தி, மெருகேற்றி, எழுதுவதற்கென்றே அணியம் செய்யப்பட்ட விலங்குத் தோல்! அதன்மேல் எழுதப்பட்டிருப்பது ஒரு திருமணச் சான்றிதழ். எழுதியவர்கள் குவேக்கர்கள்.

யார் இந்தக் குவேக்கர்கள்? நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, செருப்புத் தைப்பவரிடம் தொழில் பயின்ற ஜார்ஜ் பாக்ஸ் (1624-1691) என்பாரின் குரலைக் கேட்டுத் திரண்ட மக்கள். நண்பர்கள் சங்கம் என்பது அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர். நடுங்குவோர் என்று பொருள்படும் குவேக்கர் என்பதோ, எள்ளி நகையாடியவர்கள் சூட்டிய பெயர். நடுங்குவோர் என்று அழைக்கப்பட்டவர்கள்தாம் நாடாள்வோர் முன்னே நடுங்காமல் நின்றார்கள்!

அவர்கள் கடவுளை மறுத்தவர்களல்லர். ஆழ்ந்த நம்பிக்கையுடைய கிறித்தவர்கள். ஆனால், கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே தரகர் எதற்கு என்று கேட்டவர்கள். சம்பளம் பெறும் குருமாரை ஏற்க மறுத்தனர். நீதிபதியின் முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தனர், சிறைக்கூடம் சென்றனர். உயர்ந்தோருக்கு ஒரு சொல், தாழ்ந்தோருக்கு ஒரு சொல் என்றிருந்த வழக்கை வீசியெறிந்து, சீமானையும் சிற்றாளையும் ஒரே ஒருமைச் சொல்லால் அழைத்தனர். கிழமைகளின் பெயர்களிலும் மாதங்களின் பெயர்களிலும் பழைய தெய்வங்கள் பதுங்கியிருப்பதைக் கண்டு, அவற்றையும் விலக்கி, முதல் நாள் என்றும் மூன்றாம் மாதம் என்றும் எண்ணிட்டே எழுதினர்.

இத்தகையோர் திருமணத்தை மட்டும் விட்டுவைப்பரோ? மணமக்களை இணைப்பது இறைவன் செயல்; எந்தக் குருவும், எந்த அதிகாரியும் அவர்களை மணமுடித்து வைப்பதில்லை; கூடியிருப்போர் சாட்சிகளே என்றார் பாக்ஸ். திருமணம் செய்ய விழைவோர் ஆடவர் கூட்டத்திலும் பெண்டிர் கூட்டத்திலும் தங்கள் கருத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வேறு எவருக்கேனும் வாக்களித்திருக்கிறார்களா, பெற்றோர் இசைந்தனரா என்பதை ஆராய்வர். மணமகள் கைம்பெண் என்றால், முதற்கணவரின் பிள்ளைகளுக்குரிய உடைமை காக்கப்பட்டதா என்றும் கேட்பர். பிறகு ஒருநாள் அனைவரும் அமைதியாகக் கூடி அமர்ந்திருப்பர். மணமக்கள் எழுவர், கைகோப்பர், தங்கள் வாயால் தாங்களே உறுதி கூறுவர். மோதிரம் இல்லை; முன்னின்று ஓதுவார் இல்லை. நிலைபெற்ற வடிவில், ஆண் கூறும் உறுதியும் பெண் கூறும் உறுதியும் ஏறத்தாழ ஒன்றே. கீழ்ப்படிவேன் என்னும் சொல்லைப் பெண்ணின் தலையில் மட்டும் சுமத்திய ஆங்கிலத் திருச்சபையின் வழக்கம் அங்கில்லை.

குரு இல்லாத் திருமணம் செல்லுமா? எழுந்தது கேள்வி! நமது செவிக்கு இது புதிய கேள்வியன்று. 1661ஆம் ஆண்டு நாட்டிங்காம் நகர நீதிமன்றத்தில் அது வழக்காகவே வந்தது. குவேக்கர் முறைப்படி மணந்த ஒருவர் இறந்துபோனார். அவருடைய சொத்தின்மேல் கண்வைத்தவர்கள், அது திருமணமே அன்று, பிறந்த பிள்ளை முறையான பிள்ளையன்று என்றனர். ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்ட இருவரின் இசைவே திருமணத்தை ஆக்குகிறது என்னும் கருத்தை நீதிபதி ஆர்ச்சர் எடுத்துக்காட்டினார். பிள்ளையின் பக்கமே வெற்றி கிட்டியது. பின்னர், 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், ஏனையோர் ஆங்கிலத் திருச்சபையின் ஆலயத்தில்தான் மணமுடிக்க வேண்டுமென்று கட்டளையிட்டபோது, குவேக்கரையும் யூதரையும் அந்தக் கட்டளையிலிருந்து விலக்கிவைத்தது.

அந்த வழக்கையும் அந்தப் பழியையும் மனத்தில் கொண்டு பார்த்தால்தான் தோலில் எழுதிய சான்றிதழின் அருமை விளங்கும். அது அலங்காரப் பொருளாகப் பிறக்கவில்லை, கேடயமாகப் பிறந்தது! வைப்பாட்டி என்று பெண்ணைப் பழிப்போருக்கும், முறைதவறிப் பிறந்தவன் என்று பிள்ளையை இழிப்போருக்கும் எதிரே தூக்கிப் பிடித்த கேடயம். இன்ன ஊர் இன்ன தொழில் செய்யும் இன்னாரும், இன்னார் மகள் இன்னாரும், தங்கள் கருத்தைக் கூட்டங்களில் அறிவித்து, தடையேதும் இல்லையெனக் கண்டபின், இன்ன நாளில் ஒருவரையொருவர் ஏற்றனர் என்று அது விரிவாகக் கூறும். மணமக்கள் கையொப்பமிடுவர். பிறகு வந்திருந்தோர் வரிசை வரிசையாகக் கையொப்பமிடுவர். ஆடவர் மட்டுமா? பெண்டிரும்! எழுதத் தெரியாதவர் கீறல் ஒன்றை இடுவார். அவருடைய சாட்சியமும் சாட்சியமே.

இப்போது நம் வினாவுக்கு வருவோம். ஆடையில் நிறம் வேண்டாம், வீட்டில் ஓவியம் வேண்டாம், வழிபாட்டில் இசை வேண்டாம், புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல்லும் வேண்டாம் என்றவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்களின் சான்றிதழ்கள் பலவற்றை நோக்கினால் என்ன காண்கிறோம்? பத்திரங்களுக்கே உரிய முதற்சொல், கொட்டை கொட்டையான எழுத்துகளில், தடித்த கோடும் மெல்லிய கோடுமாக எழுந்து நிற்கிறது. வாத்து இறகைச் சீவிச் செய்த பேனா, எடுத்த கையை வைக்காமல் சுழன்று, கொடிபோல் வளைந்து, சுருளாக முடிகிறது. சிலவற்றில் மணமக்களின் பெயர்களும் பெரிய எழுத்துகளில் பொலிகின்றன. கடுக்காய்போல் துவர்ப்புடைய ஓக்கு மரத்துக் கழலையும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய மை, தோலுக்குள் இறங்கி ஊன்றி நிற்கிறது.

எளிமை பேசியவர்கள் இங்கே எழிலுக்கு இடம் கொடுத்தார்களே, ஏன்? முன்கதவில் துரத்திய ஆடம்பரத்தைப் பின்கதவில் அழைத்துக்கொண்டார்கள் என்று எள்ளுவோர் உண்டு. பத்திரம் எழுதுவோரின் தொழிற்பழக்கம் அது, வேறொன்றும் இல்லை என்று அமைதி கூறுவோர் உண்டு. பின்னவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நிலத்தை விற்கும் பத்திரமும் அதே பாணியில்தான் எழுதப்பட்டது. ஆனால், அதனால்தானே நாம் மேலும் எண்ண வேண்டியிருக்கிறது? காணிக்கும் கடனுக்கும் கிடைத்த எழுத்தின் மதிப்பை, கைகோத்த இருவரின் வாய்ச்சொல்லுக்கும் அவர்கள் தேடித் தந்தார்கள். பெருமாட்டியின் திருமணம் பேராலயத்தின் மணியோசையால் பெருமை பெற்றது. நெசவாளி மகளின் திருமணம் எதனால் பெருமை பெறும்? அவளுடைய பெயரை அழகாக எழுதினார்கள். அது ஆடம்பரமா? அவளுக்குச் செய்த மரியாதை என்போம் நாம்.

எனினும், அழகான எழுத்தெல்லாம் அறத்தின் எழுத்தாகிவிடுமா? இங்கேதான் ஜான் வுல்மன் (1720-1772) நம் முன் வருகிறார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் வாழ்ந்த குவேக்கர். தையல் தொழில் அறிந்தவர். பத்திரம் எழுதவும் வல்லவர். இளைஞராக ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண்ணொருத்தியை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டை எழுதுமாறு பணித்தார். வாங்குபவரும் குவேக்கர்! வுல்மன் எழுதிக் கொடுத்தார். உள்ளம் கொதித்தது; அடிமைகளை வைத்திருப்பது நம் சமயத்துக்கு ஒவ்வாது என்று அவ்விருவரிடமும் அங்கேயே சொன்னார். பின்னாளில், அடிமைகளைச் சொத்தாகப் பங்கிடும் உயில்களை எழுத மறுத்தார். கூலி போனால் போகட்டும் என்று இருந்தார்.

எண்ணிப் பாருங்கள்! அதே கை, அதே இறகுப் பேனா, அதே மை. ஒரு பெண்ணை விலைப்பொருளாக்கும் சீட்டையும் அதனால் எழுதலாம். ஒரு பெண்ணைச் சமமான துணைவியாக்கும் சான்றிதழையும் அதனால் எழுதலாம். எழுத்தின் வளைவு இரண்டிலும் ஒன்றே. அழகு தானாக நல்லதும் ஆகாது, தீயதும் ஆகாது. எதை அழகுபடுத்துகிறாய் என்னும் கேள்விதான் அறத்தின் கேள்வி.

அதே மவுண்ட் ஹாலிப் பகுதியில், அடிமையாகப் பிறந்த வில்லியம் போவன் என்னும் கறுப்பின மனிதர் இருந்தார். குவேக்கர் கொள்கையில் ஈடுபட்டவர். 1763ஆம் ஆண்டில் அவர் குவேக்கர் முறைப்படி மணம்புரிய விரும்பினார். அவர் உறுப்பினர் அல்லர். ஆகவே சங்கத்தின் முறையான திருமணமாக அது நடைபெற முடியவில்லை. வுல்மன் முன்னின்று உதவினார். நண்பர்கள் கூடினர், அம்முறைப்படியே திருமணம் நிகழ்ந்தது, சான்றிதழும் எழுதப்பட்டது. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் திருமணமாகவே மதிக்காத நாட்டில், கணவனைக் கிழக்கேயும் மனைவியை மேற்கேயும் விற்கத் தயங்காத காலத்தில், அந்த ஒரு தாளுக்கு இருந்த மதிப்பைப் பொன்னால் அளக்க முடியுமா?

ஆனால், உண்மையை முழுவதும் சொல்லவேண்டும். அதே போவன், சங்கத்தில் சேர விரும்பியும் ஆண்டுக்கணக்கில் வெளியே நிறுத்தப்பட்டார். 1814இல்தான் உறுப்பினராக ஏற்றனர். அப்போது அவர் எண்பதை எட்டும் முதியவர்! பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் உறுப்பினர் எவரும் அடிமை வைத்திருக்கலாகாது என்று 1776இல் கட்டளையிட்டது. அதற்குப் பின்னும் முப்பத்தெட்டு ஆண்டுகள்! சங்கத்துக்கு வெளியே மணந்தவர்களையும், குருவை வைத்து மணந்தவர்களையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அவர்கள் விலக்கித் தள்ளினர். அமெரிக்கச் சான்றிதழ்களில், வழக்கப்படி கணவனின் பெயரை ஏற்று மணமகள் கையொப்பமிடுகிறாள் என்றும் எழுதினர். உறுதிமொழியில் சமத்துவம், கையொப்பத்தில் கணவன் பெயர்! எழுத்து எவ்வளவு அழகாயிருந்தாலும் இந்தக் குறையை அது மறைக்காது, மறைக்கவும் கூடாது.

இன்றும் அந்தச் சான்றிதழ்கள் எழுதப்படுகின்றன. எட்வர்ட் ஜான்ஸ்டன் 1906இல் வெளியிட்ட நூலால் மறுமலர்ச்சி பெற்ற எழுத்துக்கலையைப் பயின்றோர், இலைகளும் மலர்களும் பறவைகளும் சூழ வண்ணங்களால் அவற்றைத் தீட்டுகின்றனர். பிரிட்டானியக் குவேக்கர்கள் 2009இல் கூடி, ஒருபாலினத் துணைவர்களின் திருமணத்தையும் இதே முறையில் நடத்துவது என்று முடிவு செய்தனர். இங்கிலாந்தின் சட்டம் அவர்களைப் பின்தொடர்ந்து வர 2013 ஆயிற்று. பழைய தோலில் புதிய பெயர்களுக்கும் இடம் கிடைத்தது.

வண்ணக் கரை கண்ணைப் பறிக்கும் இந்நாளில் ஓர் எச்சரிக்கை தேவை. கரையை நீக்கிவிட்டால் உள்ளே என்ன எஞ்சுகிறது? இதுதான் உரைகல். குவேக்கர் சான்றிதழிலிருந்து கொடியை நீக்குங்கள், மலரை நீக்குங்கள், சுழிப்பை நீக்குங்கள். இருவர் தந்த சொல்லும், பலர் இட்ட கையொப்பமும் குலையாமல் நிற்கும். அந்த அணி உண்மையின் அணி. புரோகிதச் சடங்கிலிருந்து புகையை நீக்குங்கள், பொன்னை நீக்குங்கள், புரியாத மொழியை நீக்குங்கள். எஞ்சுவது தட்சிணைக்கு நீட்டிய கை! அந்த அணி பொய்யின் அணி.

இன்னோர் உரைகல்லும் உண்டு. அந்தச் சான்றிதழ், எழுதி மாட்டிவைப்பதோடு முடிவதில்லை. கூடியோர் கேட்க, அவர்கள் பேசும் மொழியிலேயே உரக்கப் படிக்கப்படுகிறது. படித்தது விளங்கியபின்தான் கையொப்பம். எழுத்து எவ்வளவு வளைந்தாலும் படிக்க முடியாத அளவுக்கு வளையலாகாது. படிக்க முடியாத அழகு, பொருள் அறியாத மந்திரத்தின் உடன்பிறப்பு.

ஆகவே, எழிலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை நாம். விலக்கிய சடங்கின் இடத்தில் அழகை வைக்கலாம். ஆனால், மனிதரைச் சமமாக்கும் சொல்லை முதலில் எழுதிவிட்டுப் பிறகு அழகை வைக்கவேண்டும். அதன் பக்கத்தில் எவரும் வந்து கையொப்பமிட இடம் விடவேண்டும். போவன் போன்றவர்கள் எத்தனை ஆண்டுகளாக வாயிலில் நிற்கிறார்கள் என்று அடிக்கடி திரும்பிப் பார்க்கவும் வேண்டும். அந்த இடத்தை விடாமல் ஓரம் முழுவதும் மலர் வரைபவன், எவ்வளவு திறமையாளனாயினும், வுல்மன் எழுத மறுத்த சீட்டையே எழுதிக்கொண்டிருக்கிறான்.